அலமாரிக்குப் பின்னால் ஒரு ஜன்னல்

அத்தியாயம் 11

ஆஸ்திரேலியப் பாலைநிலத்துச் சுரங்க ஊரான கூபர் பீடியில் எங்கும் எழுதி வைக்கப்படாத, ஆனால் எவரும் மீறாத விதி ஒன்று உண்டு. மண்ணுக்குள் உனக்கு என்ன கிடைத்தது என்று எவரும் எவரையும் கேட்பதில்லை.

மதுக்கடையில் ஒருவன் திடீரென்று எல்லோருக்கும் வாங்கிக் கொடுத்தால், குடித்துவிட்டு நன்றி சொல்வார்கள். பக்கத்து வீட்டு வாசலில் புது வண்டி நின்றால், நிறம் நன்றாயிருக்கிறது என்பார்கள். ஊர் எல்லைக்குள் ஓப்பல் என்கிற வண்ணக்கல்லைத் தோண்டத் தடை உண்டு. குன்றைக் குடைந்து எடுத்த வீட்டில் இன்னோர் அறையைக் கூட்டிக்கொள்ளத் தடையில்லை; குடைகையில் கல் அகப்பட்டால் அது வீட்டுக்காரருக்கே. ஆகவே, பிள்ளையில்லாத தம்பதிக்கு எதற்கு இத்தனை படுக்கையறை என்றும் இங்கே எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

மனைவியும் கணவனைக் கேட்பதில்லை. டெசாங்கா இதைக் கல்யாணமான முதல் வருடத்திலேயே கற்றுக்கொண்டாள். அன்று ஸ்டோயானோடு தோண்டுகிறவர்கள் சாப்பாட்டு மேசையில் இருந்தார்கள். இன்றைக்கு ஏதாவது கிடைத்ததா என்று அவள் சாதாரணமாகக் கேட்டுவிட்டாள். எவரும் திட்டவில்லை. முள்கரண்டிகள் மட்டும் தட்டில் நின்றன. ஸ்டோயான் மறுநாளைய வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். பிறகு பாத்திரம் கழுவுகையில் அவர்களில் ஒருவனுடைய மனைவி மெதுவாகச் சொன்னாள்:

"கேட்டா அவங்க பொய் சொல்ல வேண்டியிருக்கும். பொய் சொல்ல வைக்க வேணாம்னுதான் இங்க யாரும் கேக்கறதில்ல."

அது டெசாங்காவுக்கு நியாயமாகவே பட்டது. அதற்குப் பிறகு அவள் கேட்டதில்லை. சட்டையைத் துவைப்பதற்கு முன் அதன் பையைத் தடவிப் பார்த்ததுகூட இல்லை. பையைத் தலைகீழாக உதறிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

இன்று அவர்கள் குடும்பப் புனிதரின் நாள். ஸ்லாவா. செர்பியர் வீட்டில் வருடத்துக்கு ஒருமுறை வரும் இந்த நாளுக்கு அழைப்பு கிடையாது. வருகிறவர்கள் வருவார்கள், வந்தவர்களுக்கெல்லாம் இலை போட்டதுபோல இடம் உண்டு. முதலில் ஒரு கரண்டி இனிப்புக் கோதுமை, அப்புறம் ரொட்டி, அப்புறம் பிளம் சாராயம். வீட்டுத் தலைவன் அன்று உட்கார மாட்டான். நின்றுகொண்டே எல்லோருக்கும் பரிமாறுவான்.

காலையில் டெசாங்கா ரொட்டி மாவைப் பிசைந்துகொண்டிருந்தாள். மணிக்கட்டு வலித்தது. நேற்று முன்னறைகள் இரண்டையும் மாற்றி விரித்த வலி அது. போனவர்களின் விரிப்பை உருவி, வரப்போகிறவர்களுக்குப் புதிது விரித்து, சுவரோரச் செம்மண் தூசியை ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, குளியலறையில் யாரோ விட்டுப்போன தலைமுடியைப் பொறுக்கி. இது அவளுக்கு வேலையாகக்கூடத் தோன்றுவதில்லை இப்போது. மூச்சு விடுவதுபோல ஆகிவிட்டது. மூச்சு விடுவதிலேயே களைப்பு என்றால் என்ன செய்வது.

ஸ்டோயானின் நுரையீரல் தூசியால் கெட்டு, அவன் தோண்டுவதை நிறுத்திய வருடத்தில்தான் இது தொடங்கியது. வாசலை ஒட்டிய இரண்டு படுக்கையறைகளையும் நல்ல கூடத்தையும் தங்க வருகிறவர்களுக்கு விட்டார்கள். அவர்கள் இருவரும் பின்னால் சமையலறைக்கும் ஓர் அறைக்குமாக ஒடுங்கினார்கள். குன்றுக்குள் வாழ்வது எப்படி இருக்கும் என்று பார்க்க ஊர் ஊராய் வந்தார்கள். ஓர் இரவு, மிஞ்சினால் இரண்டு. படம் பிடித்தார்கள், போனார்கள், போன பிறகு இணையத்தில் மதிப்பெண்ணாக நட்சத்திரம் போட்டார்கள்.

குடைவீட்டில் ஒரு சங்கடம் உண்டு. சுவர் எவ்வளவு தடிமனானாலும், காற்றுக்காகக் கூரையில் துளைத்த குழாய்கள் வழியே ஓர் அறையின் பேச்சு இன்னோர் அறையில் இறங்கும். ஆகவே, அடுத்தவர் காதில் விழக்கூடாததையெல்லாம் இவர்கள் செர்பிய மொழியில், அதையும் தணிந்த குரலில் பேசப் பழகினார்கள். இருமலுக்கு மொழி கிடையாது. 'இரவெல்லாம் சுவருக்கு அப்பால் ஒரு கிழவர் இருமுகிறார்' என்று ஒருத்தி எழுதி மூன்று நட்சத்திரம் போட்டாள். மகள் யாஸ்னா அதைப் பெற்றோரிடம் மறைத்தாள். பக்கத்துக் குன்றில் இருக்கும் லெஃப்டெரிஸின் தொலைபேசியில் ஸ்டோயான் அதைப் படித்துவிட்டான்.

அன்றிலிருந்து அவன் வீட்டுக்குள் இருமுவதில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து, முன்வாசல் வழியே வெளியே போய், தன் பழைய வண்டியின் கதவைச் சாத்திக்கொண்டு அதற்குள் இருமிவிட்டு வருவான்.

யாஸ்னா அடிலெய்டு நகரத்திலிருந்து ஸ்லாவாவுக்காக வந்து இறங்கியபோது, ஒரே வாயில் இரண்டு செய்தி கொண்டுவந்தாள். அப்பா இனி ஒரு வருடம்கூட இந்தத் தூசிக்குள் இருக்கக்கூடாது என்று மருத்துவர் சொன்னது ஒன்று. சுற்றுலாப் பேருந்து நடத்துகிற ஒருவர் இரண்டு அறைகளையும் இந்தக் குளிர்காலம் முழுவதுக்குமாகக் கேட்கிறார் என்பது மற்றொன்று. ஸ்லாவா அன்று மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். இல்லையென்றால் அவர் வேறு வீடு பார்த்துக்கொள்வார்.

அவள் சொல்லி முடிப்பதற்குள் ஸ்டோயான் சரி என்றுவிட்டான். அடிலெய்டில் போய் இருக்க வேண்டுமென்றால் கையில் ஏதாவது வேண்டாமா, இந்த ஒரு பருவத்தைத் தள்ளிவிட்டால் அப்புறம் பார்க்கலாம் என்றான். போன வருடமும் அப்படித்தான் சொன்னான். டெசாங்கா வாயைத் திறக்கவில்லை. தங்க வந்தவர்கள் அடுத்த அறையில் இருந்தார்கள்.

மாவை மூடி வைத்துவிட்டுக் கையைத் துடைத்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மரம் கல்லின்மேல் இழுபடும் சத்தம், முன்னறையிலிருந்து.

*

ஜீலாங்கிலிருந்து வந்த இளம் தம்பதி. அவள் பெயர் டாம்சின், அவன் ரீஸ். முந்தின இரவு விளக்கை அணைக்காமல் தூங்கியவர்கள். டெசாங்கா கதவைத் தட்டிவிட்டுத் திறந்தபோது, இருவரும் கனத்த துணி அலமாரியைச் சுவரிலிருந்து ஓர் ஆள் நுழையும் அளவுக்கு நகர்த்தியிருந்தார்கள். டாம்சினின் முகம் சிவந்தது.

"மன்னிச்சுக்குங்க. இதுக்குப் பின்னாடி ஒரு ஜன்னல் இருக்கும்னு நெனச்சேன்."

"இல்லன்னு நான் அப்பவே சொன்னேன்" என்றான் ரீஸ்.

"நீ எல்லாத்தையும் அப்பவே சொல்லுவ. எனக்கு மூச்சு முட்டினப்ப மட்டும் தூங்கிட்ட."

டெசாங்காவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். ஜன்னல் எங்கே என்று கேட்காதவர் இந்த வீட்டில் தங்கியதில்லை. குன்றின் வயிற்றுக்குள் இருக்கும் அறைக்கு ஜன்னல் வைத்தால் அது எதைப் பார்க்கும் என்று சிலரிடம் விளக்கியிருக்கிறாள். பலரிடம் சிரித்துவிட்டு நகர்ந்திருக்கிறாள். ஜன்னலைத் தேடி அலமாரியை நகர்த்தியவள் இவள்தான்.

திரும்பத் தள்ள உதவுவதற்காக அலமாரியின் பின்பக்கம் போனாள். போனவள் நின்றாள்.

இந்த வீட்டின் சுவர்களை அவள் கை அறியும். குடையும் எந்திரத்தின் பற்கள் அரைவட்டம் அரைவட்டமாக விட்டுப்போன தடங்கள் தரையிலிருந்து கூரைவரை ஓடும். அதன்மேல் தூசி உதிராமலிருக்கப் பசைநீர் அடித்திருக்கும். அலமாரிக்குப் பின்னால் அந்தத் தடங்கள் பாதியில் அறுந்திருந்தன. ரொட்டி அடுப்பின் வாயளவுக்கு ஓர் இடம் வழவழவென்று இருந்தது. சுண்ணச்சாந்தில் செம்மண்ணைக் குழைத்துப் பூசி, நிறத்தைச் சரிக்கட்டியிருந்தார்கள். நிறம் சரியாகத்தான் இருந்தது. தடத்தைத்தான் திரும்பக் கொண்டுவர முடியவில்லை.

மோதிர விரலால் பக்கத்துச் சுவரைத் தட்டினாள். கல்லின் சத்தம். பூச்சின்மேல் தட்டினாள். வேறு சத்தம்.

"அது என்ன?" என்றாள் டாம்சின்.

"பழைய காத்துக்குழாய். அடைச்சுட்டோம்."

எவ்வளவு தடையின்றி வந்தது அந்தப் பொய் என்று அவளுக்கே வியப்பாயிருந்தது. ரீஸும் டெசாங்காவும் சேர்ந்து அலமாரியைத் திரும்பத் தள்ளினார்கள். தள்ளும்போது உள்ளே கம்பிக் கொக்கிகள் ஒன்றோடொன்று மோதிக் கலகலத்தன. அவற்றில் எவரும் எதையும் தொங்கவிட்டதே இல்லை. ஓர் இரவு தங்குகிறவன் பையைத் திறப்பானே தவிர, துணியை எடுத்து மாட்டுவானா?

அந்த அலமாரி வந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. மூடிப்போன ஒரு விடுதியிலிருந்து ஸ்டோயான் அதை வாங்கினான். தூக்க நான்கு ஆட்கள். கட்டில் பக்கத்தில் வைத்தால் வசதி என்று அவள் சொன்னாள். இந்தச் சுவர்தான் என்றான். அன்று அவன் சட்டைக் கையில் காய்ந்த சாந்து ஒட்டியிருந்தது. அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு, இந்த ஊரில் எந்த நல்ல மனைவியும் செய்வதைச் செய்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தங்க வருகிறவர்கள் வர ஆரம்பித்தது அதற்கடுத்த மாதம்.

*

விரிப்புகளை வெளியே கொடியில் போடும்போது யாஸ்னா உதவிக்கு வந்தாள். இங்கே குளிர் தொடங்கும் மே மாதம்; வெயில் முதுகுக்கு இதமாயிருந்தது. எதிரே வெட்டி எடுத்த வெண்மண் குவியல்கள், கண்ணுக்கெட்டிய தூரம் வரை. யாஸ்னா ஒரு கையால் விரிப்பின் ஓரத்தைப் பிடித்திருந்தாள்; மற்றொரு கையில் தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் வரப்போகிற ஒருவர், அறையில் சிலந்தி இருக்குமா என்று கேட்டிருந்தார்.

"ஆபீஸ்ல கூட்டம் நடக்கறப்ப இதுக்குப் பதில் போடறேன்மா. வெந்நீர் வரல, சாவி திரும்பல, நாய் குரைக்குது. ராத்திரி கனவுல எனக்கு நட்சத்திரம் போடறாங்க."

"எத்தனை?"

"நாலு. ஒண்ணு எதுக்குக் குறைச்சாங்கன்னு யோசிச்சுட்டே முழிச்சுக்குவேன்."

இருவரும் சிரித்தார்கள். பிறகு டெசாங்கா, விரிப்பின் மறைவில் நின்றபடி, காலையில் கண்டதைச் சொன்னாள். கூட்டிச் சொல்லவில்லை. அலமாரிக்குப் பின்னால் சுவரைத் தோண்டிப் பூசியிருக்கிறது, அவ்வளவுதான்.

யாஸ்னா இந்த ஊரில் பிறந்தவள். அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. தொலைபேசியைப் பையில் போட்டாள்.

உள்ளே இருக்கலாம், அல்லது எடுத்துவிட்டுப் பூசியிருக்கலாம் என்றாள். உள்ளே இருந்தால் இந்த ஒப்பந்தமே வேண்டியதில்லை. இந்த மாதமே கிளம்பலாம். எடுத்து என்னவோ ஆகிவிட்டதென்றால் அதையாவது தெரிந்துகொண்டு சரி சொல்லலாம். எதுவானாலும் சாயங்காலத்துக்குள் தெரிய வேண்டும்.

"அப்பாவைக் கேளு."

"கேக்கறதில்லடி இங்க."

"நீ அவர் பொண்டாட்டி."

"அதனாலதான்."

"நான் கேக்கட்டுமா?"

டெசாங்கா கொடியில் ஒரு பிடிப்பானைச் செருகினாள். வேண்டாம் என்றாள். மகள் கேட்டால், நகரத்துக்குப் போனவள் ஊர் மரியாதை தெரியாமல் கேட்டாள் என்று சொல்லி அவன் தப்பித்துக்கொள்வான். வாழ்நாள் முழுக்கக் கேட்காமலிருந்தவள் கேட்டால்தான் அது கேள்வி.

"அப்ப கேக்கப் போறியா?"

"எனக்குக் காலு வலிக்குது யாஸ்னா. அந்தக் கூடையை எடு."

*

ஸ்டோயான் வண்டியில் இருந்தான். கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. அவனுடைய முதுகு குலுங்கி அடங்கும்வரை டெசாங்கா சற்றுத் தள்ளிக் காப்பிக் குவளையோடு காத்து நின்றாள். அடங்கிய பிறகு கதவைத் திறந்து பக்கத்து இருக்கையில் ஏறினாள். இப்போதெல்லாம் அவர்களுக்கென்று கதவை மூடிப் பேச ஓர் இடம் இருக்கிறதென்றால் அது இந்த வண்டிதான்.

நல்ல சட்டை போட்டிருந்தான். சவரம் செய்திருந்தான், தாடையில் ஒரு சிறு வெட்டு. மெழுகுவத்தியை ஏற்றியாயிற்றா என்று கேட்டான். நீதான் ஏற்ற வேண்டும் என்றாள். ஆமாம் என்று தலையசைத்தான்.

"முன்னறையில இருக்கறவங்க அலமாரியை நகர்த்திட்டாங்க" என்றாள்.

குவளை உதட்டருகில் நின்றது.

"எதுக்கு?"

"ஜன்னல் தேடி."

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் தளும்ப, மண் குவியல்களைப் பார்த்தான்.

"திருப்பி வெச்சாச்சா?"

"வெச்சாச்சு."

"ஒட்டி வெச்சீங்களா?"

"ஒட்டிதான்."

அவள் என்ன பார்த்தாள் என்று அவன் கேட்கவில்லை. என்ன பார்த்தாள் என்று அவளும் சொல்லவில்லை. ஒருவர் வழியில் ஒருவர் நிற்காமல் ஒதுங்கிப் போக இத்தனை வருடங்களில் எவ்வளவு நன்றாகப் பழகியிருக்கிறார்கள்! அதை அன்பு என்றே டெசாங்கா எண்ணியிருந்தாள். பெரும்பகுதி அன்பாகவும்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்த அன்புக்கான விரிப்பையெல்லாம் அவள்தான் துவைத்தாள்.

காப்பியைக் குடித்து முடித்ததும், எவரோ கேட்டதற்குப் பதில்போல அவன் சொன்னான்:

"கல்லு மண்ணுக்குள்ள இருக்கிற வரைக்கும்தான் உயிரோட இருக்கும் டெசா. வெளிய எடுத்தா காத்துல காஞ்சு வெடிச்சுப் போயிடும் சிலது. எத்தனை பேரு எடுத்துட்டு அழுதிருக்காங்க தெரியுமா?"

"தெரியும்."

"எல்லாத்துக்கும் ஒரு நேரம் இருக்கு."

அவள் குவளையை வாங்கிக்கொண்டு இறங்கினாள். இப்போது கேட்டிருக்கலாம். வண்டிக்குள், கதவு மூடி, இருவர் மட்டும். கேட்டிருந்தால் அவன் மெல்லிய குரலில் ஏதோ சொல்லியிருப்பான். அவளும் மெல்லிய குரலில் சரி என்றிருப்பாள். குளிர்காலம் முழுவதும் பேருந்து வந்து நின்றுகொண்டேயிருக்கும்.

*

ஸ்லாவா அன்று மட்டும் நல்ல கூடம் அவர்களுடையது. அந்த அறைக்கு இன்று வாடகையில்லை என்று டெசாங்கா காலையிலேயே தம்பதியிடம் சொல்லியிருந்தாள். வீட்டுக்குள் இருக்கிற எவரும் இன்று அந்நியர் இல்லை, நீங்களும் வந்து உட்காருங்கள் என்றாள். சொல்லும்போது அதை மெய்யாகவே நினைத்தாள். காசு வாங்காமல் ஒருவருக்குத் தட்டு வைப்பதில் கைக்கு எவ்வளவு ஓய்வு இருக்கிறது என்பது அவளுக்கு வருடத்துக்கு ஒருமுறைதான் தெரியும்.

பிற்பகலில் ஆட்கள் வந்தார்கள். தேவாலயத்துக்காரர்கள் ஒரு சிலர். லெஃப்டெரிஸ் நல்ல காலணியோடு, கிரேக்கக் காப்பித்தூள் பொட்டலத்தோடு வந்தார். எல்லோரும் ஒரு கரண்டி கோதுமையை எடுத்து வாயில் போட்டுச் சிலுவைக்குறி இட்டார்கள். டாம்சினும் பார்த்துப் பார்த்துச் செய்தாள். மேசை நடுவே உயரமான மெழுகுவத்தி எரிந்தது. ஸ்டோயான் மரபுப்படி உட்காராமல் நின்று, சாராயக் குப்பியோடு ஒவ்வொருவராய்ப் போய் ஊற்றினான்.

இரண்டாவது கோப்பைக்குப் பிறகு, டாம்சின் கேட்டாள். வந்து தங்குகிறவர்களில் கேட்காதவர் இல்லை. அவர்கள் கேட்பது கணக்கில் சேராது. நீங்களெல்லாம் தோண்டியவர்களாமே, ஓப்பல் நிறையக் கிடைத்ததா?

மேசை கலகலவென்று இளகியது. இதற்கான பதில்கள் எல்லோரிடமும் தயாராக இருந்தன.

"எனக்கு முதுகுவலி கிடைச்சுது. பெரிய வலி, நல்ல நிறம்" என்றார் லெஃப்டெரிஸ்.

"உனக்கு அதுகூட இன்னொருத்தன் தோண்டின குழியில கிடைச்சது" என்றான் ஸ்டோயான்.

"உனக்கு என்ன குறைச்சல்? டெசாவைத் தோண்டி எடுத்தே. அதுக்கப்புறம் உன் அதிர்ஷ்டம் தீர்ந்துபோச்சு."

சிரித்தார்கள். டாம்சினும் சிரித்தாள், ஆனால் தன் கேள்விக்கு எவரும் பதில் சொல்லவில்லை என்பது அவளுக்குப் புரிந்ததுபோல ஒரு விநாடி மேசையைச் சுற்றிப் பார்த்தாள். அந்தப் பார்வை டெசாங்காவிடம் வந்து நின்றது. டெசாங்கா ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தாள்.

யாஸ்னாவின் தொலைபேசி ஒலித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு, செர்பிய மொழியில், தணிந்த குரலில், அவர்தான் என்றாள். பேருந்துக்காரர். வேறு வீட்டுக்காரர் அவர் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறார், இப்போதே சொல்லவேண்டும்.

ஸ்டோயான் வாயைத் திறந்தான். வார்த்தை வரவில்லை, இருமல் வந்தது. முதல் தெறிப்பைக் கைக்குட்டையில் அமுக்கினான். கண்கள் ஒருமுறை டாம்சினையும் ரீஸையும் தொட்டு மீண்டன. குப்பியை மேசைமேல் வைத்துவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, நாற்காலிகளுக்கு இடையே வழி விடச்சொல்லிச் சைகை காட்டியபடி வெளியே போனான்.

வண்டியின் கதவு சாத்தும் சத்தம் கூடம்வரை கேட்டது. அதன்பின் ஒன்றும் கேட்கவில்லை.

டெசாங்கா கத்தியைக் கீழே வைத்தாள். தன் குலத்தின் புனிதர் நாளில், தன் கையால் குடைந்த கூடத்தில், தான் ஏற்றிய மெழுகுவத்தியின் முன்னால் இருமாமல், வீட்டுத் தலைவன் வெளியே போய்விட்டான். மேசையில் எவரும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. லெஃப்டெரிஸ் கோதுமை நன்றாக வந்திருக்கிறது என்றார். சொல்லாமலிருப்பதில் எல்லோருக்கும் எவ்வளவு தேர்ச்சி.

அவன் திரும்பி வந்தான். உதட்டைத் துடைத்திருந்தான். தலைமுடியைக்கூடச் சரிசெய்திருந்தான். மகளைப் பார்த்து, செர்பிய மொழியில் சொன்னான்:

"சரின்னு சொல்லிடு. ஒரே ஒரு பருவம். நம்மகிட்ட வேற என்னம்மா இருக்கு?"

யாஸ்னா தாயைப் பார்த்தாள். தொலைபேசியில் அந்த மனிதர் காத்திருந்தார்.

டெசாங்கா எழுந்தாள். முழங்கால் வழக்கம்போல ஒரு கணம் மறுத்துவிட்டு ஒத்துக்கொண்டது. அவள் குரலைத் தணிக்கவில்லை. செர்பிய மொழியிலும் பேசவில்லை. மேசையில் இருந்த அத்தனை பேருக்கும், ஜீலாங்கிலிருந்து வந்தவர்களுக்கும், லெஃப்டெரிஸுக்கும், கூரைக்குழாயில் ஏறி எந்த அறைக்குப் போனாலும் அங்கே கேட்பவருக்கும் புரிகிற ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்:

"ஸ்டோயான், அந்த அலமாரிக்குப் பின்னாடி உனக்கு என்ன கிடைச்சுது?"

லெஃப்டெரிஸின் முள்கரண்டி தட்டில் நின்றது. தேவாலயத்துக்காரர்கள் மேசை விரிப்பைப் பார்த்தார்கள். முதல் வருடத்தின் அந்த மேசையைப்போலவே இருந்தது. அன்றைக்கு அவள் தலையைக் குனிந்தாள், இன்றைக்குக் குனியவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். டாம்சின் மட்டும், தான் கேட்டதை இப்போதாவது ஒருவர் ஒழுங்காகக் கேட்டதைப்போல, நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஸ்டோயானின் முகத்தில் கோபம் வரவில்லை. அது வந்திருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும். அவன் கை மெதுவாக நெஞ்சுக்குப் போனது. கால் வாசல் பக்கம் திரும்பியது.

டெசாங்கா போய் வாசலை மறித்து நின்றாள்.

"வெளிய போகாத. இருமல் வந்தா இங்கயே இருமு. இருமிட்டுச் சொல்லு."